மார்க்கிரட் கழற்றிய கியர்

மார்க்கிரட் யாரையும் எதையும் செய்யாதே என்று தடுத்ததில்லை. அவள் உதவிதான் செய்வாள். பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக நுழைந்து தலைமை ஆசிரியையாக வெளியே வந்தவள். அவளுடைய உதவியில் மாட்டியவர்கள் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த உதவியிலேயே நாற்பத்தொரு வயது வரை வாழ்ந்தவள் அவள் தங்கை நேசம்மா.

நேசம்மா என் சிநேகிதி. சபையில் அக்காளும் தங்கையும் ஒரு பெஞ்சு, நான் அவர்களுக்குப் பின் பெஞ்சு. வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்காளுக்கு வந்த மாப்பிள்ளைகளை அக்காளே வேண்டாம் என்றாள். அக்காள் இருக்கத் தங்கைக்குப் பார்ப்பதா என்று தங்கைக்கு யாரும் பார்க்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வேதத்துக்கு வந்து நூறு வருடம் ஆன பிறகும் இந்த வரிசை மட்டும் மாறவில்லை. மார்க்கிரட் பள்ளிக்கூடம் போனாள், நேசம்மா அடுப்படிக்குப் போனாள். அப்படியே காலம் ஓடிவிட்டது.

நேசம்மாவுக்கு இடது கணுக்கால் சரியில்லை. சின்ன வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்தது கோணலாகக் கூடிவிட்டது. பாசார்ச் சந்தை வரைக்கும் நடப்பாள். அதற்கு மேல் நடந்தால் கால் வீங்கிவிடும். ஆனால் சைக்கிள் மிதிக்க அந்தக் கால் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய தம்பி குடும்பத்தோடு மெல்போர்னுக்குப் போனபோது, தம்பி மனைவி தன் பத்து கியர் சைக்கிளை இவர்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் வண்டி. நேசம்மா அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தாள். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து; அவை ஒன்றோடொன்று என்ன செய்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கியர்க் கையையும் ஒரு பக்கம் தள்ளினால் ஏற்றம் லேசாகும் என்பது மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

அந்த ஏற்றத்தின் மேலேதான் கனகலிங்கம் வீடு. பங்சார் மேட்டில், பஸ் போகாத சந்தில். ரயில்வே ஆபீசில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். தனியாக இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பெண்கள் சங்கத்து வழக்கம். புதன்கிழமை நேசம்மாவின் முறை. இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அடுக்குச் சட்டியில் வைத்துக் கட்டி, கியரைத் தள்ளிப் போட்டுக்கொண்டு மெல்ல ஏறிப் போவாள். அவர் சாப்பிடுவார். இவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். எழுபத்தொன்பதாம் வருடம் முழுக்க இப்படிப் போயிற்று.

ஒரு புதன்கிழமை அவர் கேட்டுவிட்டார்.

"நேசம்மா, நீங்க இங்கேயே வந்துட்டா என்ன? முறையா சபையில கட்டிக்கிட்டுதான் சொல்றேன். நான் உங்க அக்காகிட்ட வந்து பேசட்டுமா?"

நேசம்மாவுக்கு உடம்பெல்லாம் சுட்டது. அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் மூத்தவளிடம் சொல்லாமல் சம்மதம் சொல்வது எங்கள் வீடுகளில் இல்லை.

"அக்காகிட்ட நானே சொல்றேன். அடுத்த புதன் வந்து பதில் சொல்றேன்."

"சரிலா. மனசுக்குப் பிடிக்கலேன்னா வர வேணாம். வரலேன்னா நான் புரிஞ்சுக்குவேன். தப்பா நினைக்க மாட்டேன்" என்றார் கனகலிங்கம். மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

அன்று சாயங்காலமே நேசம்மா அக்காளிடம் சொன்னாள். தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மார்க்கிரட் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்தாள்.

"நல்ல மனுஷர். எனக்குச் சந்தோஷம்தான். நீ என்ன சொல்லப் போறே?"

"சரின்னு சொல்லலாம்னு."

"சொல்லு. நான் யாரு தடுக்க?"

நேசம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காளைப் பற்றி இத்தனை வருடம் தப்பாக நினைத்திருந்தோமே என்று அன்றைக்கு இரண்டு கரண்டி அதிகமாகச் சோறு போட்டாள்.

சனிக்கிழமை காலை மார்க்கிரட் சைக்கிளைப் பின்பக்கத்துச் சிமென்டுத் தரையில் பழைய பேப்பர் விரித்துத் தலைகீழாக நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த சைக்கிள் ரிப்பேர் புத்தகம். கையில் புது ஸ்பேனர். வாழ்நாளில் அவள் ஸ்பேனர் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன அக்கா இது?"

"இந்தக் கியர் வயரைப் பாரு, பிய்ஞ்சு நிக்குது. ரோட்டுல ஜாம் ஆச்சுன்னா லோரிக்கு அடியிலதான் போவே. கியரையெல்லாம் கழட்டிட்டு ஒத்தை ஸ்பீடா மாத்திட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல. புக்ல எல்லாம் போட்டிருக்கான். ரொம்ப ஈசி. நீ இந்தத் தட்டைப் பிடி."

நேசம்மா தட்டைப் பிடித்தாள். திருகாணிகள் ஒவ்வொன்றாக அதில் விழுந்தன. கியர்க் கைகள் வந்தன, வயர் வந்தது, செயினைத் தள்ளிக் கொடுக்கும் அந்தத் தொங்கும் கை வந்தது. மார்க்கிரட் புத்தகத்தைப் படித்துப் படித்துக் கழற்றினாள். முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டாள். அதைக் கழற்ற வேறு சாமான் வேண்டுமாம். பிறகு செயினை அறுத்தாள். அறுக்கும்போது ஆணியை அரைவாசி தள்ளி நிறுத்த வேண்டும். புதுக் கை, முழுசாகத் தள்ளிவிட்டாள். விழுந்த ஆணி திரும்பப் போகவில்லை. ஆகையால் இன்னொரு துண்டையும் அறுக்க வேண்டியதாயிற்று. செயின் இப்போது மட்டுக்கு மேல் குட்டை. பின் சக்கரத்தை முன்னால் தள்ளித் தள்ளி ஒரு வழியாக மாட்டினாள். நெற்றி வியர்வையைத் துடைத்தபோது மூக்கெல்லாம் கரி. நேசம்மா சிரித்தாள், அக்காளும் சிரித்தாள்.

"பின்னால எந்தச் சக்கரத்துல போட்டே அக்கா?"

"எல்லாத்துலயும் சின்னதுல. முன்னால பெரிசு, பின்னால சின்னது. செயின் நேரா நிக்கும், கழண்டு விழாது. வேகமாவும் போகும்."

செயின் நேராகத்தான் நின்றது, பொய் இல்லை. ஆனால் பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் கூடும், பலம் குறையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு, புரியாத பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவள் அவள். நானும் அந்த வெயிலில் நின்றிருக்கிறேன். தெரியாமல் செய்தாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அறுத்த செயின் துண்டுகளும் கியர்ச் சாமான்களும் அன்று மத்தியானமே பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கிரட்டுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது. தங்கை கூட இருக்க வேண்டும் என்றாள். இருவரும் கோயிலுக்கு வரவில்லை.

புதன் வந்தது. நேசம்மா பவுடர் போட்டு, நீல கவுன் உடுத்தி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சமதரையில் வண்டி பறந்தது. அக்காள் நல்லதுதான் செய்திருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு ஏற்றம் வந்தது. முதல் வளைவுகூட வரவில்லை, மிதி நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்தாள். கணுக்காலில் ஏதோ வெட்டியது. இறங்கித் தள்ளினாள். பாதி தூரம்கூட வரவில்லை, கால் இட்டலிப் பானைபோல வீங்கிவிட்டது. ஒரு வேலியோரம் உட்கார்ந்து அழுதாள். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

"ஏற முடியலையா?" என்றாள் மார்க்கிரட். "கீழேயே எத்தனையோ இடம் இருக்கே ஓட்டுறதுக்கு."

"அக்கா, டாக்சிக்குக் காசு தாங்க. ஒரே ஒரு தடவை."

"இப்பதானே கைவலிக்க வண்டி சரிபண்ணித் தந்தேன். அதுக்குள்ள டாக்சியா?"

முனைக் கடையில் போன் இருந்தது. கனகலிங்கம் வீட்டிலும் இருந்தது. ஆனால் முனைக் கடையில் போனோடு கடைக்காரர் காதும் இருந்தது. முதன்முதலாக ஒரு ஆணுக்குச் சரி என்று சொல்லப்போகிறவள் அதை உப்பு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் நின்று கத்த விரும்பவில்லை. நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள் நேசம்மா.

அவள் வேறு ஒன்று செய்தாள். மார்க்கிரட் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்த நாளில் சைக்கிளை அதே சிமென்டுத் தரையில் தலைகீழாகக் கவிழ்த்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான், ஆனாலும் கண் இருந்ததல்லவா. சின்னச் சக்கரத்தில் போட்டு ஏறவில்லை என்றால் பெரியதில் போட்டால் ஏறும் என்று கணக்குப் போட்டாள். பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தினாள். செயினைத் தூக்கிப் பெரிய பல்சக்கரத்தில் வைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. சக்கரத்தை எவ்வளவு முன்னால் தள்ளியும் எட்டவில்லை. அறுத்த துண்டு இரும்புக்காரனிடம் அல்லவா இருக்கிறது.

சைக்கிள் கடைக்கு மெல்ல நடந்து போய்க் கேட்டாள். "இந்த மெல்லிசு செயின் என்கிட்ட இல்ல அக்கா, ஆர்டர் பண்ணணும்" என்றார் கடைக்காரச் சீனர். "ரெண்டு மாசம் ஆகும். உங்க அக்காகிட்ட சொல்லட்டுமா?" வேண்டாம் என்று அவசரமாகத் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறும் மார்க்கிரட்டுக்கு நெஞ்சு ஒரு மாதிரிதான் இருந்தது. அடுத்த புதனும் சும்மா போயிற்று. நேசம்மா அந்தச் சைக்கிளைப் பார்த்தபடியே காய் நறுக்கினாள், பார்த்தபடியே தேங்காய் துருவினாள். செவ்வாய்க்கிழமை இடியப்பத் தட்டுகளை அடுக்கும்போதுதான் பட்டது. முன்னால் ஒரு சின்னச் சக்கரம் சும்மா கிடக்கிறதே, அக்காள் கழற்றத் தெரியாமல் விட்டது. செயினை முன்னால் பெரியதிலிருந்து இறக்கிச் சின்னதில் போட்டால், அங்கே மிச்சமாகும் நீளம் பின்னால் பெரியதைச் சுற்ற உதவுமே. ஓடிப்போய்த் தையல் நாடாவைச் சுற்றி அளந்து பார்த்தாள். பின்னால் எல்லாவற்றிலும் பெரியதற்குக் கொஞ்சம் போதவில்லை. அதற்கு அடுத்ததற்குச் சரியாக வந்தது.

செயினைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு ஸ்பேனர். மாற்றி மாட்டி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, நட்டை முறுக்கினாள். கையால் மிதியைச் சுற்றிப் பார்த்தாள். லேசாகச் சுற்றியது. நேசம்மா தன் வாழ்நாளில் சமையலைத் தவிர வேறு எதையும் சரியாகச் செய்ததாக யாரும் சொன்னதில்லை. அன்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் புதன். மார்க்கிரட் வீட்டில் இல்லை. போகும் இடம் சொல்லாமல் காலையிலேயே போயிருந்தாள். நேசம்மா ஏறினாள். கால் சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி ஆமைபோலத்தான் நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு ஏறி, கவுன் முதுகோடு ஒட்டி, மூச்சு இரைக்க அவர் வீட்டு வாசலில் போய் இறங்கினாள்.

கனகலிங்கம் கதவைத் திறந்தார். திகைத்து நின்றார்.

"பதில் சொல்ல வந்தேன். எனக்குச் சம்மதம்" என்றாள் நேசம்மா. மூச்சு வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்றம் முழுக்க நினைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

அவர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"நீங்க அன்னைக்கு வரலே. மறுநாள் உங்க அக்கா டாக்சியில வந்தாங்க. உங்களுக்கு விருப்பம் இல்லேன்னும், அதைச் சொல்ல வெட்கப்படுறீங்கன்னும் சொன்னாங்க. அப்புறமும் வந்தாங்க. பேசிக்கிட்டிருந்தோம். அவங்களும் தனிமைதான்..."

"அதனால?"

"அவங்களுக்கும் எனக்கும்னு முடிவாகிப் போச்சு. மூத்தவங்க இருக்கும்போது அதுதானே முறையும். இன்னைக்குக் காலையிலதான் ரெண்டு பேரும் போதகர்கிட்ட போய் ஓலைக்குச் சொல்லிட்டு வந்தோம்."

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். ஒரு முறை பேர் கொடுத்துவிட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

"நான் மாட்டேன்னு சொல்லவே இல்ல. என் சைக்கிளை..." நேசம்மாவால் அதை முடிக்க முடியவில்லை. "ஓலையைத் திருப்பி எடுத்துடுங்க."

"அது எப்படிலா முடியும்? உங்க அக்கா பேரு என்ன ஆகும், என் பேரு என்ன ஆகும்?" குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மேலும் சொன்னார்: "நீங்க ஒண்ணும் தனியா விடப்பட மாட்டீங்க. பின்னால ஒரு ரூம் இருக்கு. நீங்களும் வந்துடணும்னு உங்க அக்கா முதல்லயே பேசிட்டாங்க. இல்லேன்னா நான் எப்படி ஒத்துக்குவேன்? அவங்களுக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதே. இந்தச் சொதியை விட்டுட்டு நான் எங்க போறது?"

அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். நேசம்மா அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். நல்ல பசியோடு சாப்பிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மார்க்கிரட் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பின் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாத்தி மாட்டிட்டியா? பரவாயில்லையே. உன் நல்லதுக்குத்தான் நேசம் எல்லாம். அந்தக் காலை வச்சுக்கிட்டு ஒரு குடும்பத்தைத் தனியா நடத்த முடியுமா? என்கூட வந்து இரு. இங்க இருந்த மாதிரியே இருக்கலாம்."

நேசம்மா அடுப்படிக்குப் போனாள். சமைத்தாள். வியாழன், வெள்ளி, சனி, எல்லா நாளும் சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கிரட்டின் நெஞ்சு நன்றாகிவிட்டது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தங்கையோடு கோயிலுக்கு வந்தாள்.

போதகர் ஓலை வாசித்தார். கனகலிங்கம் பேரைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் நேசம்மா பேர் வரும் என்று காத்திருந்தோம். மார்க்கிரட் பேர் வந்தது. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தடை அறிந்தவர்கள் உண்டா என்று போதகர் வழக்கம்போலக் கேட்டு, வழக்கம்போலப் பக்கத்தைத் திருப்பப் போனார். அந்தக் கேள்விக்கு எங்கள் சபையில் இதுவரை யாரும் எழுந்ததில்லை.

நேசம்மா எழுந்தாள்.

"தடை ஒண்ணும் இல்ல ஐயா" என்றாள். "ஒரு அறிவிப்புதான். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் சமைச்சுப் போட ஒரு ஆள் தேவைப்படுது. ரூம் தருவாங்க. யாருக்காவது தெரிஞ்ச ஆள் இருந்தா மிஸ்டர் கனகலிங்கத்துக்கிட்ட சொல்லுங்க. நான் போகப் போறதில்ல."

உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பாடகர் குழுவில் யாரோ ஒருவன் இருமினான். அப்புறம் சிரிப்பு அடக்க முடியாமல் போயிற்று. கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தார்கள். மார்க்கிரட்டின் பழைய மாணவிகள் மட்டும் ஒரு பெஞ்சு நிறைய இருந்தோம். நாங்கள் யாரும் அடக்கிக்கொள்ள முயலவில்லை. மார்க்கிரட்டின் பின்கழுத்து சிவந்து, பிறகு வெளுத்தது.

ஆராதனை முடிந்ததும் கனகலிங்கம் போதகரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் பேசினார். மறு ஞாயிறு அந்த ஓலை வாசிக்கப்படவில்லை. சமையல்காரி கிடைக்காமல் நின்றுபோன கல்யாணம் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேச்சு.

அந்த வாரமே அவர் குடையும் கையுமாகச் சகோதரிகள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மேட்டிலிருந்து இறங்கி வர அவருக்கும் கால் இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நேசம்மா, நடந்ததை மறந்துடுங்க. நம்ம பழைய பேச்சையே..."

"அக்கா உள்ள இருக்காங்க. கூப்பிடட்டுமா?" என்றாள் நேசம்மா. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மார்க்கிரட் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். அக்காள் அழுது நேசம்மா பார்த்தது அதுதான் முதல் முறை. தலைமை ஆசிரியை அழுகை அல்ல, மூக்கு ஒழுக, வாய் கோணி, சாதாரண மனுஷி அழுகிற அழுகை. ஐம்பத்தாறு வயதில் அவளும் ஒரு துணையை ஆசைப்பட்டுத்தான் இருக்கிறாள். நேசம்மாவுக்கு அது புரிந்தது. புரிந்த பிறகும் எழுந்து போய்த் தோளைத் தொடவில்லை.

அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு மீன் குழம்பு. ஒருத்திக்கு மட்டும் அளந்து சமைத்திருந்தாள். தன் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அக்காளுக்கு எதிரே கொண்டுவந்து உட்கார்ந்து, முள்ளை நிதானமாக எடுத்து எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். மார்க்கிரட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவமா இல்லையா உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"இல்ல" என்றாள் நேசம்மா. "ருசியா இருந்துச்சு."